எடுத்துக்கொடுக்கிற கை

சரிவாக இறங்க வேண்டிய கோடு படிக்கட்டு மாதிரி இறங்கியிருந்தது.

அவள் ஜன்னல் வெளிச்சம் கூசாதபடி கைபேசியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஒரு வீடியோவை எத்தனை பேர் எந்த நொடிவரை பார்த்தார்கள் என்று காட்டும் கோடு அது. யாருடைய வீடியோவானாலும் முதல் சில நொடிகளில் பாதிப்பேர் போய்விடுவார்கள். மீதிப்பேர் அலுத்துப்போய், வேறு அழைப்பு வந்து, அடுப்பில் ஏதோ தீய்ந்து, ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். அதனால் கோடு எப்போதும் மணல்மேடு போலத் தளர்ந்துதான் சரியும். இது அப்படி இல்லை. கொஞ்ச தூரம் தட்டையாக ஓடி, ஓரிடத்தில் செங்குத்தாக விழுந்து, மறுபடி தட்டையாக ஓடி, மறுபடி விழுந்தது. பன்னிரண்டு துணி மடித்த வீடியோ. எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டு படிகள்.

அவளுடைய வீடியோ கணக்கில் இருந்ததெல்லாம் துணி மடிக்கிற வீடியோக்கள்தான். முகம் கிடையாது, பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. தலைக்கு மேலிருந்து குனிந்து பார்க்கும் கைபேசி, ஒரு மர மேசை, இரண்டு கைகள். துணியை உதறும் சத்தம், மடிப்பை நகத்தால் நீவும் சத்தம், ஒன்றின்மேல் ஒன்று வைக்கும்போது வரும் அந்தச் சின்னப் பெருமூச்சு. இதைப் பார்க்கவும் ஆள் இருந்தது. தூக்கம் வராதவர்கள், கைக்குழந்தைக்காரிகள், வேலையில் சலித்துப்போனவர்கள். மடிப்பு அக்கா என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். ஒரு கட்டத்தில் எழுபத்தோராயிரம் பேர் அவளைப் பின்தொடர்ந்தார்கள். ஆறு வாரத்தில் அது ஐம்பத்தோராயிரம் ஆகியிருந்தது.

இதற்கு முன் ஒன்பது வருடம் துணிக்கடையில் நின்றவள். வாடிக்கையாளர்கள் விரித்துப் பார்த்துவிட்டு, "வேற காட்டுங்க" என்று நகர்ந்தபின் மலையாகக் கிடப்பதை மடித்து அடுக்குவது அவள் வேலை. உட்காரக் கூடாது என்பது கடையின் சட்டம். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்தபோது, இனி நிற்கிற வேலையே வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வீட்டில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். இப்போது அலமாரி செய்யும் கம்பெனி ஒன்று அவள் வீடியோக்களில் தன் பொருளைக் காட்ட ஒப்பந்தம் போட்டிருந்தது. பின்தொடர்பவர்கள் ஐம்பதாயிரத்துக்குக் கீழே போனால் ஒப்பந்தம் கிடையாது. ஒப்பந்தம் இல்லையென்றால் மறுபடி கடை, மறுபடி நிற்பது. கால்கள் அதை இப்போதே உணர்ந்ததுபோல விறுவிறுத்தன.

முதலில் நாத்தனாரைத்தான் சந்தேகப்பட்டாள். கணவனின் அக்கா. ஒவ்வொரு வீடியோவையும் பார்ப்பாள், ஒன்றுக்குக்கூட விருப்பக்குறி போட்டதில்லை. துணி மடிக்கிறதைப் பார்க்க ஊரெல்லாம் ஆள் இருக்கிறது, என் வீட்டில் மடிக்கத்தான் ஒரு ஆளும் இல்லை என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிச் சிரித்தவள். அவள் சொல்லிக் கொடுத்து உறவுக்கூட்டம் மொத்தமாக விலகுகிறதோ என்று, இரண்டு நாள் பட்டியலை வரி வரியாக ஒப்பிட்டு, போனவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதினாள். நாத்தனார் போகவில்லை. உறவில் யாரும் போகவில்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அலமாரிக் கம்பெனியில் அவளோடு பேசுகிற மேடம் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தாள். எதிரிகள் யாரும் இவ்வளவு சிரத்தையாக வேலை செய்ய மாட்டார்கள் என்றாள். நேரம் மாற்றாமல் போடுங்கள், கமெண்ட் போட்டவர்களுக்கு ஒருவர் விடாமல் பதில் எழுதுங்கள், அடுத்தடுத்து இரண்டு விளம்பரம் வேண்டாம், எதைப் பார்க்க வந்தார்களோ அதைத் திடீரென்று மாற்றாதீர்கள், பெயருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் போலிக் கணக்குகளை நீங்களே வெளியேற்றுங்கள். எல்லாவற்றையும் அவள் மூன்று வாரம் செய்தாள். தினமும் காலை பதினோரு மணிக்குப் படம் பிடித்து, இரண்டு மணிக்குப் போட்டு, நாலு மணிவரை பதில் எழுதினாள். எண் இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் மேடம் கொஞ்சம் சலிப்போடு சொன்னாள்.

"எந்த செகண்ட்ல போறாங்கன்னு பாருங்க. ஏன் போறாங்கங்கறது அதுக்குள்ளயே இருக்கும்."

அப்படித்தான் அந்தப் படிக்கட்டைக் கண்டுபிடித்தாள்.

வீடியோவைக் கணவனின் பழைய கைபேசியில் ஓடவிட்டு, பக்கத்திலேயே கோட்டை வைத்துக்கொண்டு விரலால் தொடர்ந்தாள். முதல் படி பதினாலாவது நொடி. அந்த நொடியில் திரையில் ஒன்றுமே இல்லை. வலது கை மேசையில் படிந்திருக்கிறது. இடது கை படத்தைவிட்டு இடப்பக்கம் வெளியே போகிறது, ஒரு துணியோடு உள்ளே வருகிறது. அவ்வளவுதான். அடுத்த படி ஐம்பத்திரண்டாவது நொடி. இடது கை வெளியே போகிறது, துணியோடு வருகிறது. அடுத்ததும் அப்படியே. பன்னிரண்டும் அப்படியே.

கோட்டில் சின்னச் சின்ன மேடுகளும் இருந்தன. பார்வையாளர்கள் திருப்பி ஓட்டி மறுபடி பார்க்கிற இடங்களில் அப்படி மேடு வரும். ஒவ்வொரு படியின் தலையிலும் ஒரு மேடு. போகிறவர்கள் அந்த இடத்தில்தான் போனார்கள். போகாமல் இருப்பவர்கள் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

நோட்டில் எழுதிய பெயர்களில் நாற்பது பேருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள். என் வீடியோவில் ஏதாவது குறை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். மரியாதையாகத்தான் எழுதினாள். பெரும்பாலானவர்கள் பதில் போடவில்லை, பத்துப் பேர் அவளை பிளாக் பண்ணியே விட்டார்கள். ஒருத்தி, சும்மாதான் அக்கா என்று எழுதினாள். ஓர் ஆள், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். துணி மடிப்பதைக் குழந்தைகள் பார்த்தால் என்ன? மூன்றாவது பதிலை அவள் நாலைந்து தடவை படித்தாள். 'நீங்க ரெண்டு பேரும் நல்லா இருங்க. என்னைய விட்டுடுங்க.'

ரெண்டு பேரும்.

பட்டியலில் ஒரு நர்ஸ் இருந்தாள். முதல் வாரத்திலிருந்தே பின்தொடர்ந்தவள், வேலை முடிந்து வந்து தினமும் ஒரு வரி எழுதுகிறவள், நேரில் பார்க்காமலே சிநேகிதி மாதிரி ஆனவள். அவளும் போயிருந்தாள். எழுதிக் கேட்க மனம் வராமல் இவளே கூப்பிட்டுவிட்டாள். நர்ஸ் எடுத்தாள். பின்னணியில் தள்ளுவண்டியின் சக்கரம் ஒன்று கீச்சிட்டுக்கொண்டே தூரமாகப் போனது.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் நர்ஸ். "உங்க பக்கத்துல உக்காந்து துணி எடுத்துக் குடுக்கறது யாரு?"

"யாருமில்லையே. நான் தனியாத்தான் பண்றேன்."

"சட்டைங்க வரும்போது இடது கை மட்டும் உள்பக்கம் வெளிய திரும்பியிருக்கும். நீங்க அத இழுத்து நேராக்கிட்டுத்தான் மடிக்க ஆரம்பிப்பீங்க. எல்லா வீடியோவுலயும். கவனிச்சதில்லையா?"

துவைத்து எடுத்தால் அப்படித்தானே ஆகும் என்றாள் இவள்.

"துவைச்சா ரெண்டு கையும் திரும்பும், இல்லன்னா எதுவும் திரும்பாது. எந்திரிக்க முடியாதவங்க உடம்புலருந்து கழட்டுனாத்தான் இப்படி வரும். ஒரு கைய முதல்ல உருவிட்டு, ஆள மெல்லப் புரட்டி, மிச்சத்த அடியில இழுத்து எடுப்போம். பதினாறு வருஷமா பண்றேன், பாத்தாலே தெரியும்." நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "மொதல்ல உங்க மாமியாரோ யாரோன்னு நெனச்சேன். ஓரத்துல ஒரு தடவ, எடுத்துக் குடுக்கற அந்தக் கை தெரிஞ்சுது. அதுக்கப்புறம் நான் பாக்கல. அந்தக் கைக்கு நல்ல பழக்கம் இருக்கு."

எதில் பழக்கம் என்று கேட்பதற்குள் இணைப்பு போய்விட்டது.

மூன்று நாளாக விடாத மழை. வீடு முழுக்க ஈரத்துணியின் புளித்த வாடை. கொடியில் தொங்கியவை காயாமல் கனத்துத் தொங்கின, சுவர் வியர்த்தது. அவள் படம் பிடிக்கிற அறைக்குப் போனாள். சின்ன அறை. வெளிச்சத்துக்காக மேசையை ஜன்னலோரம் வலப்பக்கமாகத் தள்ளிப் போட்டிருந்ததால், நாற்காலிக்கு இடப்பக்கம் சுவர்வரைக்கும் ஓர் ஆள் உட்காருகிற அளவு சந்து விழுந்திருந்தது. அங்கே, தரையில், துணிக்கூடை.

படம் பிடிக்காமல் சும்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். வலது கையை மேசையில் வைத்துக்கொண்டு இடது கையால் கூடையைத் தொட முயன்றாள். எட்டவில்லை. தோளைச் சாய்த்தாள், இடுப்பை வளைத்தாள். விரல்நுனி கூடையின் விளிம்பில் பட்டபோது வலது கை மேசையைவிட்டு முக்கால்வாசி வழுக்கி வந்திருந்தது. மூன்று தடவை செய்து பார்த்தாள். மூன்று தடவையும் அப்படித்தான். ஆனால் வீடியோவில் வலது கை அசைவதே இல்லை. இடது கை வெளியே போய், மேசை உயரத்திலேயே, ஒரு நொடிக்குள் துணியோடு திரும்பி வந்துவிடுகிறது.

இத்தனை நாள் இது எப்படித் தெரியாமல் போனது? யோசித்தபோது கடை நினைவுக்கு வந்தது. கடையில் மடிக்கிற ஆளுக்கு இடப்பக்கம் எடுத்துக்கொடுக்கிற ஆள் ஒருத்தி நிற்பாள். மடிக்கிறவள் கண்ணை மடிப்பிலிருந்து எடுக்கக் கூடாது, எடுத்தால் அளவு பிசகும். கையை நீட்டினால் போதும், துணி வந்து விழும். ஒன்பது வருடம் அப்படி நீட்டினாள். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட இடப்பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. வீட்டிலும் கையை நீட்டினாள். துணி வந்தது.

கூடையில் இருந்தவை அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கி வந்தவை. மடித்துக் கொடுத்துவிட்டு வேறு வாங்கி வருவாள். கடைசியாக யார் வீட்டில் வாங்கினோம் என்று நினைத்துப் பார்த்தாள். இரண்டு மாதம் இருக்கும். தினமும் பன்னிரண்டு துணி மடித்திருக்கிறாள். மடித்ததையெல்லாம் யாரிடம் கொடுத்தோம் என்பதும் நினைவில் இல்லை. கூடை இன்னும் விளிம்புவரை இருந்தது. மேலே கிடந்த துண்டில் மெல்லிய தூசி.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. துணிகள் வெதுவெதுப்பாக வரும். வெயிலில் காய்ந்த சூடு என்று நினைத்திருந்தாள். நேற்று மழையில் படம் பிடித்தபோதும் வெதுவெதுப்பாகத்தான் வந்தன.

அன்று சாயங்காலம் கணவன் வந்ததும் நேராக அலமாரிக்குப் போனான். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். கதவில் காதை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான், அதனாலேயே அவனோடு பொய் பேசுவது கஷ்டம். தன் அடுக்கிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான். பழுப்புக் கட்டம் போட்ட சட்டை. அழகாக, அவள் மடிப்பில், மடிந்திருந்தது.

"இது யாரோடது?"

பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கும், மாற்றி வைத்துவிட்டேன் என்றாள். மூன்று மாடியும் ஏறி இறங்கிக் கேட்டுவிட்டதாக அவன் சொன்னான். யாருடையதும் இல்லை. அடுக்கின் அடியில் இன்னும் எட்டு இருக்கிறது, எட்டும் வெவ்வேறு அளவு.

"உன் வேலைய நான் எப்பவாவது வேணாம்னு சொல்லியிருக்கேனா?" என்றான். குரல் உயரவில்லை. "வேலை சைட்ல பசங்க சொன்னாங்க, உங்க வீட்டம்மா வீடியோவுல இன்னொரு ஆள் இருக்குதேன்னு. நான் நம்பல. ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். மூச்சு ரெண்டு கேக்குது. ஒண்ணு உன்னோடது. எனக்குத் தெரியும்."

நர்ஸ் சொன்னதை, கூடையை, வெதுவெதுப்பை எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல, பிடிபட்டவள் அவசரத்தில் கட்டுகிற கதை மாதிரியே அது அவள் காதுக்கே கேட்டது. அவன் பையில் இரண்டு உடுப்பைத் திணித்தான். அவன் திணித்த விதத்தைப் பார்த்து, மடித்துக் கொடுக்கட்டுமா என்று கேட்கப்போய் அடக்கிக்கொண்டாள்.

"ஆள் யாருன்னு நீயா சொல்ற வரைக்கும் நான் அக்கா வீட்ல இருக்கேன்."

"நாளைக்கு பதினோரு மணிக்கு லைவ் போறேங்க," என்றாள். "கேமராவப் பின்னாடி தள்ளி வச்சு ரூம் முழுக்கக் காட்டறேன். வெட்டல் ஒட்டல் எதுவும் பண்ண முடியாது. நீங்களே பாருங்க. உங்க அக்காவையும் பாக்கச் சொல்லுங்க."

மறுநாள் காலை எண் ஐம்பதாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டில் நின்றது. மழை விட்டிருந்தது, ஆனால் வெளிச்சம் வரவில்லை. ஜன்னல் கண்ணாடியில் வானம் அழுக்குத் தண்ணீர் மாதிரி தேங்கியிருந்தது. அறை குளிர்ந்ததால் முழுக்கைச் சட்டை ஒன்றை மேலே போட்டுக்கொண்டாள். கூடையைத் தூக்கி மேசையின் வலப்பக்கம் வைத்தாள். இன்று இடப்பக்கம் கையே நீட்டப்போவதில்லை. கைபேசித் தாங்கியை எதிர்ச்சுவர்வரை தள்ளி, திரை தன் பக்கம் தெரியும்படி வைத்தபோது அவளும் மேசையும் சந்தும் சுவரும் மொத்தமும் படத்துக்குள் அடங்கின. முதன்முறையாக அவள் முகம்.

பதினோரு மணிக்கு நேரலையைத் தொடங்கினாள். பார்ப்பவர்கள் முந்நூறு, எழுநூறு, ஆயிரத்து நானூறு. வணக்கம் சொன்னாள். நான் தனியாகத்தான் வேலை செய்கிறேன், சிலருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, அதற்காகத்தான் இது என்றாள். கைபேசியைக் கழற்றி எடுத்து அறை முழுக்கச் சுற்றிக் காட்டினாள். ஜன்னல். மேசைக்கு அடியில். கதவுக்குப் பின்னால். கடைசியாகச் சந்து.

யாரும் இல்லை.

ஆனால் தரை. மற்ற இடமெல்லாம் சுவரோரம் பஞ்சும் தூசியும் அடைந்திருக்க, சந்தில் மட்டும் ஒரு முறம் அளவுக்குத் தரை பளபளவென்று தேய்ந்திருந்தது. அதற்கு நேர் மேலே சுவரில், உட்கார்ந்தால் முதுகு படுகிற இடத்தில் ஒரு மங்கல். தலை படுகிற இடத்தில் எண்ணெய்க் கறை. அவள் கூட்டாத இடம் அது. கைபேசியை வேகமாக நகர்த்தினாள். பார்த்திருப்பார்களா?

தாங்கியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள். வலப்பக்கக் கூடையிலிருந்து துண்டை எடுத்தாள், உதறினாள், மடித்தாள். துணி குளிர்ந்து, ஈரம் பாய்ந்து, கையில் ஒட்டியது. அடுத்தது. திரையில் கமெண்ட்கள் ஏறின. முகம் பார்த்ததில் சந்தோஷம் என்றார்கள் நாலைந்து பேர். பிறகு மற்றவை வந்தன. என்ன அக்கா இன்னிக்கு இப்படி. பழைய மாதிரி பண்ணுங்க. அவங்க வரலையா. அவங்க எங்க.

நடுவில் கணவனின் பெயர். 'பாத்துட்டேன். சாயந்திரம் வரேன். அக்காவும் பாத்துட்டா.'

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. போதும், நிறுத்திவிடலாம். ஒரு பொத்தானைத் தொட்டால் முடிந்தது. எழுந்துபோகக் கையை ஊன்றும்போதுதான் பார்வை எண்ணில் விழுந்தது. பார்ப்பவர்கள் ஆயிரத்து நானூறிலிருந்து இருநூறாகியிருந்தார்கள். பழைய கைபேசியில் திறந்து வைத்திருந்த கணக்கு, அவள் பார்க்கப் பார்க்கவே, ஐம்பதாயிரத்து முப்பது என்றது. ஐம்பதாயிரத்துப் பத்தொன்பது. எதைப் பார்க்க வந்தார்களோ அதைத் திடீரென்று மாற்றாதீர்கள். பதினொன்று. எட்டு.

கால்கள் கனத்தன. கடையின் விளக்கு வெளிச்சம், மேனேஜரின் செருப்புச் சத்தம், மலையாகக் குவிந்த துணி. ஐந்து.

சந்தில்தான் யாரும் இல்லையே. அவளே பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். வெறுங்கையை ஒரு தடவை நீட்டினால் என்ன? நீட்டிவிட்டு, பார்த்தீர்களா, வெறும் காற்று என்று சிரிக்கலாம்.

மூன்று.

கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் இடது கையை நீட்டினாள்.

திரையில் அவள் கை தெரிந்தது. அதற்கப்பால் காலியான சந்து தெரிந்தது. எதுவும் வரவில்லை. கமெண்ட்கள் நின்றுபோயிருந்தன. பார்ப்பவர்கள் ஐந்நூறு. தொள்ளாயிரம். அவள் மூச்சை வெளியே விட்டாள். பக்கத்தில் இன்னொரு மூச்சு வெளியே வந்தது.

இரண்டாயிரம்.

அவள் மணிக்கட்டில் வெதுவெதுப்பு. இரண்டு விரல்கள். அவசரம் இல்லாத விரல்கள். சட்டைக்கையின் பொத்தானைத் தேடி, கண்டு, கழற்றின.

கையை இழுத்தாள். இழுத்ததாக நினைத்தாள். கை நீட்டியபடியே இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். தொடைக்குக் கீழே ஒன்றும் இல்லாததுபோல இருந்தது. தோளுக்குப் பின்னால் ஓர் உள்ளங்கை வந்து தாங்கியது. மெத்தென்று. விழாமல் பார்த்துக்கொள்கிற மாதிரி.

ஒன்பதாயிரம். யாரும் எதுவும் எழுதவில்லை. கணவனும் எழுதவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரையில் சந்து காலியாகவே இருந்தது. காலியான சந்தை நோக்கி நீண்ட அவள் கையிலிருந்து, சட்டையின் இடது கை தானாக, அங்குலம் அங்குலமாக, உள்பக்கம் வெளியே திரும்பியபடி கழன்றுகொண்டிருந்தது.